யோசேப்பும் யூசுப்பும்: பிறருடைய வேதத்தை வாசித்த மூவரின் அனுபவங்கள்

குர்ஆனை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் புதியவருக்குத் திணறல் வருவது இயல்பு. அதன் 114 அத்தியாயங்கள் கால வரிசையில் அமைந்தவை அல்ல. ஏழு வசனத் தோற்றுவாய் முடிந்ததுமே 286 வசனங்கள் கொண்ட மிக நீண்ட அத்தியாயம் வந்துவிடும். சட்டம், எச்சரிக்கை, பழைய நபிமார்களின் வரலாறு, வேண்டுதல் என்று அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருக்கும். நான் தடுமாறுவதைப் பார்த்து, கூட வேலை செய்த முஸ்லிம் நண்பர் சொன்னார்: "பாய், முதல்ல 12ஆம் அத்தியாயத்தை எடுங்க. நடுவுல வைக்காம ஒரே மூச்சுல படிங்க."

அது சூரா யூசுப், அதாவது யூசுப் நபியின் அத்தியாயம்; பைபிளில் அவர்தான் யோசேப்பு. 111 வசனங்கள், பெரும்பாலும் ஒரே கதை. முடித்த கையோடு பைபிளில் ஆதியாகமம் 37இலிருந்து 50 வரை யோசேப்பின் கதையையும் படித்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது தனி அனுபவம். அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளுவது, எகிப்து, சிறை, அரசனின் கனவு எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் தகப்பன் மட்டும் வேறு ஆள். ஆதியாகமத்தில் இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்ததும் யாக்கோபு நம்பிவிடுகிறார். மகனை மிருகம் தின்றுவிட்டது என்று ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுகிறார். குர்ஆனில் யஃகூப் நபி (அதே யாக்கோபு) நம்புவதில்லை. இது நீங்களாகச் சொல்லும் கதை என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு, பொறுமையைப் பிடித்துக்கொள்கிறார். அழுதழுது கண் வெளுத்துப் போன பிறகும் தேடச் சொல்லி அனுப்புகிறார். அங்கே சட்டை மூன்று முறை வருகிறது: பொய் இரத்தத்தோடு ஒருமுறை, பின்புறம் கிழிந்து, எஜமானின் மனைவி சுமத்திய பழியில் யூசுப்பின் குற்றமின்மையைக் காட்ட ஒருமுறை, கடைசியில் தகப்பன் முகத்தில் போடப்பட்டுப் பார்வையைத் திருப்பித் தர ஒருமுறை.

ஆதியாகமத்தில் என்னை அசைத்தது 44ஆம் அதிகாரம். தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறான். அதைக் கேட்டுத்தான் யோசேப்பால் அழுகையை அடக்க முடியாமல் போகிறது. மனம் திருந்துவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டும் பகுதியை நான் வேறு எதிலும் படித்ததில்லை.

எனக்கு ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். நண்பருக்கு அது இறைவனின் சொல். மனைவி கதீஜா அம்மையாரையும் பெரிய தந்தை அபூதாலிபையும் நபிகள் இழந்திருந்த துயரக் காலத்தோடு இந்த அத்தியாயத்தைச் சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு என்றார். அவருடைய வாப்பா காலமான பிறகு இதைத்தான் திரும்பத் திரும்ப ஓதினாராம். அதைக் கேட்ட பிறகு படித்தால், கதையின் மையத்தில் யஃகூப் நபி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. உரைநூல்கள் எத்தனையோ இருக்கலாம், அந்த நூலை நம்பி வாழும் ஒருவர் பக்கத்தில் இருப்பது எனக்கு அதைவிடப் பெரிது.

அப்புறம் அவர் என் நூலைக் கேட்டார். திருவாசகத்திலிருந்து சிவபுராணத்தைக் கொடுத்தேன், 95 அடிதான். புல்லாய், பூண்டாய், புழுவாய், மரமாய் என்று எல்லாப் பிறப்பும் பிறந்து களைத்துப்போனதைச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டார். "மறுபிறவியில எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா இந்தக் களைப்பு எனக்குத் தெரியும்" என்றார். பொருள் உணர்ந்து சொல்ல வேண்டும் என்று அந்தப் பதிகமே முடிவில் கேட்கிறது. சிறு வயதிலிருந்து சொல்லிவரும் பாட்டு, அவர் நின்ற இடத்தில் நானும் நின்று படித்தேன்.

*

சகோதரரே, நான் கிறிஸ்தவள். நான் வாசித்தது பகவத் கீதை. 700 சுலோகங்களில் 11ஆம் அத்தியாயத்தை விட்டு நகர ரொம்ப நாள் ஆயிற்று. விசுவரூபத்தைப் பார்த்த அர்ஜுனன் நடுங்குகிறான். அதைவிட என்னைப் பிடித்தது அடுத்து வருவது. பெருமை தெரியாமல் உன்னை 'ஏ கிருஷ்ணா, ஏ தோழா' என்று கூப்பிட்டேனே, விளையாட்டிலும் சாப்பாட்டிலும் கேலி செய்தேனே, பொறுத்துக்கொள் என்கிறான். பிறகு, பழகிய உருவத்தையே திரும்பக் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறான். கிருஷ்ணர் அப்படியே திரும்பி வந்து பயந்தவனைத் தேற்றுகிறார்.

காரணம் தெரியாமல் துன்பப்பட்டவனின் கதையான எங்கள் யோபு புத்தகம் உடனே நினைவுக்கு வந்தது. 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசத் தொடங்குகிறார். நட்சத்திரங்கள், வரையாடு, குதிரை, லிவியாதான் என்னும் கடல் மிருகம் என்று படைப்பு முழுவதும் வருகிறது. யோபு கேட்ட 'எனக்கு ஏன் இது' என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை. யோபு கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். காதால் கேள்விப்பட்டிருந்தேன், இப்போது கண் காண்கிறது என்கிறான். அர்ஜுனனுக்கும் அதைப் பார்க்கத் தனிக் கண் கொடுக்கப்படுகிறது! இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். யோபு யாரிடமும் பழகிய முகத்தைக் கேட்கவில்லை. ஆனால் கீதையை வாசித்திருக்காவிட்டால், லூக்கா 5இல் வலை நிறைய மீனைப் பார்த்த பேதுரு 'என்னைவிட்டுப் போய்விடும்' என்று இயேசுவின் முழங்காலில் விழுவதை இன்னும் வேகமாகக் கடந்து போயிருப்பேன். அது அர்ஜுனனின் பயம்தான்.

*

என்னுடையது சின்ன அனுபவம். சீக்கியரின் வேதமான குரு கிரந்த் சாகிப்பைப் படிக்க ஆசைப்பட்டு ஒரு சீக்கியப் பெரியவரிடம் கேட்டேன். முதலில் கேளுங்கள், அப்புறம் படிக்கலாம் என்றார். அதன் 1430 பக்கங்களில் பெரும்பகுதி ராகவாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் உண்டு. 1604இல் குரு அர்ஜன் தொகுத்தபோதே அவை சேர்க்கப்பட்டவை. ஃபரீதின் பாடலுக்கும் குரு நானக்கின் பாடலுக்கும் அந்தப் பெரியவர் ஒரே மாதிரிதான் தலை வணங்குகிறார். பாடுவதற்கென்றே தொகுத்த நூல் என்பதால், படிக்க நினைப்பவர்கள் சபத் கீர்த்தனில், அதாவது அந்தப் பாடல்களைப் பாடக் கேட்பதில், ஆரம்பிப்பது நல்லது.