கலைச்சொல்: ‘பென்ட் லேமினேஷன்’ — வளைத்தொட்டா, வளைவொட்டா?

வணக்கம். உட்கார்ந்து ஓட்டும் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டு) பெட்டிக்கு இருக்கை செய்யும் முறையைத் தமிழாக்கும்போது ‘பென்ட் லேமினேஷன்’, அதாவது மெல்லிய மர அடுக்குகளை வளைத்து ஒட்டும் முறை, இடறுகிறது. இப்போதைக்கு ‘வளை அடுக்குத் தகடு’ என்று போட்டிருக்கிறேன். மேலான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

———

> வளை அடுக்குத் தகடு

தகடு வேண்டாம் ஐயா, தச்சர் காதில் உலோகமாகத்தான் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், லேமினேட் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுவது.

ஒன்று, கடையில் மைக்கா என்று கேட்டு வாங்குவது. பீனாலிக் பிசினில் ஊறிய கிராஃப்ட் தாள்களின் மேல், மெலமைன் பிசினில் ஊறிய வண்ணத்தாளை வைத்து அழுத்தியது. (மைக்கா என்ற கனிமமான அப்பிரகத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) இறுகி முடிந்த அந்தத் தாளை ஏறத்தாழ 160 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி விளிம்பில் மடிப்பார்கள். சூடு குறைந்தால் வெடிக்கும், மிஞ்சினால் கொப்புளிக்கும். வளைக்கவென்றே வரும் ரகம் 0.8 மி.மீ. அளவில் இருக்கும்; சாதாரண 1 மி.மீ. தாளை மடித்தால் கீறல்தான்.

இருக்கையின் உடல் அப்படி இல்லை. 1.5 மி.மீ. மரச்சீவல்கள் 9 எடுத்து, பசை தடவி, ஈரம் காயுமுன் ஆண் அச்சுக்கும் (புடைத்தது) பெண் அச்சுக்கும் (குழிந்தது) நடுவே வைத்து இறுக்குகிறோம். சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே வளைகின்றன. வளைந்த பிறகுதான் பசை இறுகுகிறது. வழுக்கல் நின்றதும், நார் எல்லாம் ஒரே திசையில் இருந்தால், ஒட்டாத 9 சீவல்களைவிட விறைப்பு 9-இன் வர்க்கம், அதாவது 81 மடங்கு. மைக்காவில் ஒட்டிய பின் வளைவு. இங்கே வளைத்த பின் ஒட்டு. சொல்லும் இந்த வரிசையைக் காட்டட்டும். அதற்குச் ‘சூட்டுவளைப்பு’, இதற்கு ‘வளைத்தொட்டு’ என்பேன்.

மூலத்தில் அச்சளவு இருந்தால் ஒருமுறை சரிபாருங்கள். ஆண் அச்சின் ஆரம் 100 மி.மீ. என்றால் பெண் அச்சுக்கு 113.5 வேண்டும். இரண்டையும் 100 என்று வெட்டினால் அடுக்கு ஓரங்களில் மட்டும் முட்டி நிற்கும், நடுவில் அழுத்தம் விழாது. காய்ந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: ஒட்டிய இடம் கெட்டியாக ஒலிக்கும், ஒட்டாத இடம் உள்ளே வெற்றிடம்போல்.

———

விளக்கம் அருமை. ஆனால் ‘வளைத்தொட்டு’ என்பதை வளை-தொட்டு என்று வாசிப்பவர்களே அதிகம் இருப்பார்கள். ‘வளைவொட்டு’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. ‘ஒட்டுப்பலகை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘வளைவொட்டுப் பலகை’ பக்கத்திலேயே பொருந்தி உட்காரும். டென்மார்க் வடிவமைப்பாளர் ஆர்னே யாக்கப்சன் 1952-இல் வடிவமைத்த ‘எறும்பு’ நாற்காலியைத் தமிழில் விளக்கவும் இது உதவும். இருக்கையும் முதுகும் ஒரே பலகை. இரண்டும் சேரும் இடத்தில் இடுப்பு ஒடுங்கியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல. பலகை ஒரு திசையில் வளையும், இரு திசையில் ஒருசேரக் கிண்ணம்போல் குழியச் சொன்னால் கிழியும். சிக்கலான இடத்தில் மரத்தையே வெட்டிக் குறைத்துவிட்டார்.

‘சீவல்’ பற்றி ஒரு சொல். அலங்கார வினியர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தாள்) பெரும்பாலும் சீவி எடுப்பது, அதற்குப் பொருந்தும். ஒட்டுப்பலகையின் உள்ளடுக்கு பெரும்பாலும் கட்டையைச் சுழற்றி, வெங்காயத் தோல்போல் உரித்தெடுப்பது. அதற்கு ‘உரியல்’ வைக்கலாம். (சீவல் என்றதும் வெற்றிலை நினைவுக்கு வருவது என் குற்றமல்ல.)

பசையின் ஒரு குணத்துக்கும் தனிச்சொல் வேண்டும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை ஓயாத இழுவிசையில் மெல்ல மெல்ல நகரும். வளைவு நாளடைவில் விரியும். யூரியா-பார்மால்டிஹைடு பிசின் இறுகினால் அப்படி நகராது. ஆங்கிலத்தில் ‘கிரீப்’ எனப்படும் இந்த நகர்வைச் சிலர் ‘ஊர்வு’ என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்வோமா?