247 எழுத்தும் தெரியும், 'ஓமலூர்' படிக்க வரவில்லை

பட்டறைக்காரர் (செவ்வாய்ப்பேட்டை):
எனக்குக் கொலுசுப் பட்டறை வேலை. பையன் இரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்தையும் தடுமாறாமல் சொல்லுவான். போன ஞாயிறு பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னேன். 'ஓ… ம… லூ… இர்' என்றான். சேர்த்துச் சொல்லுடா என்றேன். 'ஓமலூஇர்' என்றான். நாலு முறை கேட்டும் ஓமலூர் வரவில்லை. அவன் பாட்டி ஊரே ஓமலூர்தான். கடைசியில் அழுதுவிட்டான். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைக்குச் சொல் ஏன் வரவில்லை? வீட்டில் நான் என்ன செய்யலாம்? எட்டாவதோடு நின்றவன் நான், விளக்கமாகச் சொல்லுங்கள்.

மலைவகுப்பு (ஏற்காடு):
அண்ணா, பையன் மேல் தப்பில்லை. 'இர்' என்பது அந்த எழுத்தின் பெயர். அதன் ஒலி வெறும் 'ர்'. இக், இங், இச் என்று பெயரை மட்டும் ஆயிரம் தடவை சொல்ல வைத்துவிட்டு, கூட்டும்போது அந்த 'இ'யைத் தானாக விட்டுவிடுவான் என்று எதிர்பார்க்கிறோம். அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான்.

இங்கே காபித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் 14 பேருக்கு மாலையில் பாடம் சொல்கிறேன். 247 எழுத்து அட்டவணையை நான் சுவரிலேயே மாட்டவில்லை. முதல் வாரம் ட, ப, ம, ர, ம் மட்டும்தான். அதற்குள் படம், மடம், மரம் வந்துவிடும். 'ம்' என்றால் உதட்டை மூடி முனக வேண்டும், அவ்வளவுதான். அடுத்து ல், கால் போட்ட எழுத்து. பால், கால், பாடம். 'அம்மா பால் தா' என்று எழுத ஆறு எழுத்து போதும். 247 முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்குப் படிப்பே கசந்துவிடும். அட்டவணையைத் தூக்கி வையுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஓய்வு டீச்சர் (அம்மாபேட்டை):
முப்பத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் இதை ஒத்துக்கொள்ள முடியாது. 'இர்' சிக்கலைத் தம்பி சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு மருந்து அட்டவணையைத் தூக்கி வைப்பதல்ல.

'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். 'கொ'வில் ஒரே உயிரின் குறி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் நிற்கிறது. இதை இடமிருந்து வலமாக எப்படிக் கூட்டுவீர்கள்? உ வரிசையை எடுங்கள்: கு, டு, து, பு, மு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறி உண்டா? குறி பல உருவத்தில் வருகிறது. க கா கி கீ என்று வரிசையாகப் பாடிய பிள்ளைக்குத்தான் இது மனதில் தங்கும். கவைத் தெரிந்தவன் சவையும் தவையும் தானே பிடித்துக்கொள்வான். வரிசை என்பது வெறும் மனப்பாடம் இல்லை, அது ஒரு ஒழுங்கு.

புதுமுறைக்கு நான் விரோதி இல்லை. 2007 வாக்கில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் நடத்தியவள்தான். அப்போதும் சுவரில் அட்டவணை இருந்தது.

அஸ்தம்பட்டி அம்மா:
என் மகள் ஆங்கில வழியில் யுகேஜி. அங்கே எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்தில் ஆரம்பித்தார்கள். சாட், பின், டாப் என்று சில வாரங்களிலேயே படித்தாள். ஆனால் அங்கேயும் இதே வம்புதான். வகுப்பில் சிலர் ஒலியோடு ஒரு 'அ' சேர்த்து 'ப-இ-ன' என்று சொல்லித் தர, பிள்ளைகள் 'பஇன' என்று நின்றுவிடுகிறார்கள். ஒலியைச் சொல்லித் தருகிறவர் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். அதைவிட முறை முக்கியமில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலி. நம் எழுத்து அவ்வளவு ஏமாற்றாது.

மலைவகுப்பு:
டீச்சர், கொம்பு விஷயம் நியாயம்தான். கெ, கே, கொ, கோ எல்லாவற்றையும் நானும் ஒரே எழுத்தாகத்தான் காட்டுகிறேன், பிரிப்பதில்லை. உ வரிசையும் அப்படியே. ஆனால் அது மூன்றாம் மாதத்துப் பாடம். முதல் நாள் பாடமாக அதை ஏன் வைக்க வேண்டும்?

நம் மொழியே இதற்கு வழி வைத்திருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்று வல்லினத்தில் முடியாது. கல், மரம், மான், நாய், ஊர், புகழ், தேள், எல்லாமே இழுத்துச் சொல்லக்கூடிய ஒலியில் முடிகின்றன. 'ல்ல்ல்' என்று இழுக்கலாம், 'ம்ம்ம்' என்று இழுக்கலாம். இழுக்கும்போதே முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'க்' என்பதை இழுக்க முடியாது, அதனால்தான் பிள்ளைகள் அதற்கு ஒரு 'இ'யைத் துணைக்குப் போடுகிறார்கள். வல்லின மெய் பெரும்பாலும் சொல் நடுவில், அதே எழுத்துக்கு முன்னால்தான் வரும்: பக்கம், பட்டம், அப்பா. அங்கே 'இப்' என்று சொல்லவே வேண்டாம். 'அ' சொல்லி, உதட்டை மூடி ஒரு கணம் நில், அப்புறம் 'பா'வைத் திற. நாலு வயசுப் பிள்ளைகூடச் செய்கிறது.

பட்டறைக்கார அண்ணா, பையனிடம் 'இர்'ரை மறந்துவிடச் சொல்லாதீர்கள், பெயராக இருக்கட்டும். 'லூ' சொல்லிக்கொண்டே நாக்கை ர்ருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஊர்ப் பலகைகளே போதும்: ஓமலூர், ஆத்தூர், மேட்டூர். ஒன்று பிடிபட்டால் மூன்றும் வரும்.

ஓய்வு டீச்சர்:
சொல் முடிவு பற்றிச் சொன்னது அருமை தம்பி. இவ்வளவு வருடம் பாடம் எடுத்தும் நான் அதை அப்படி யோசித்ததில்லை.

ஆனால் ஒலியை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் கவிழ்ந்துவிடுவீர்கள். ஒன்று, க. 'கல்' என்பதில் ஒரு ஒலி, 'பகல்' என்பதில் வேறு, 'தங்கம்' என்பதில் இன்னொன்று. ப-க-ல் என்று கூட்டுகிற பிள்ளை கல்லில் வரும் க-வைத்தான் சொல்லும். அந்தச் சொல்லை அது முன்பே கேட்டிருந்தால் வாய் தானே திருத்திக்கொள்ளும். கேட்காத சொல் என்றால் நின்றுவிடும்.

இரண்டாவது, எழுதும்போது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் 'பழம்' என்கிறார்கள்? பளம்தான். காதில் விழுந்தபடி எழுது என்றால் பிள்ளை பளம் என்றுதான் எழுதும். ந, ன இரண்டுக்கும் இன்று ஒலியில் வித்தியாசமே இல்லை. ஒலியிலிருந்து எழுத்துக்கு எப்படிப் போகும்? சொல் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடத்தில் பெரும்பாலும் ன என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ர, ற என்றால் சொல்லுக்குச் சொல் கண்ணில் பதிய வேண்டும். அதனால்தான் பிழையோடு வாக்கியம் எழுத விடக்கூடாது என்கிறேன். பார்த்து எழுது, பிறகு சொல்லக்கேட்டு எழுது, அதற்குப் பிறகு சொந்தமாக எழுது. ஒரு தடவை கை பழகிய பிழையை ஐந்தாம் வகுப்பில்கூட எடுக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலைவகுப்பு:
இந்த ஒன்றில் உங்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன் டீச்சர்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. வீட்டில் பேசுகிற மலைத் தமிழைக் கேட்டுப் பள்ளியில் யாரோ சிரித்துவிட்டார்களாம். ஒரு நாள் 'அம்மா மொளகு பறிக்குது' என்று எழுதிக் கொண்டுவந்தாள். மிளகு என்று நான் திருத்தவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னேன், படித்தாள். மறுநாள் நான்கு வாக்கியம் எழுதினாள். ஒரு வாரம் கழித்து, "உன் வாக்கியம் புத்தகத்தில் வந்தால் இப்படி இருக்கும்" என்று கீழே 'அம்மா மிளகு பறிக்கிறார்' என எழுதிக் காட்டினேன். அவளே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்றைக்கே சிவப்பு மையில் சுழித்திருந்தால் அவள் இரண்டாவது வாக்கியம் எழுதியிருக்க மாட்டாள்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். எந்த வகுப்பில் இருந்தாலும் அரும்பு அரும்புதான். அதற்கு ஒற்றுப்பிழை பார்க்கக்கூடாது. 'கடைக்கு போனேன்' என்று எழுதினால் நடுவில் ப் எங்கே என்று கேட்காதீர்கள், கடைக்குப் போய் என்ன வாங்கினாய் என்று கேளுங்கள்.

ஓய்வு டீச்சர்:
அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்தது சரி. உங்களிடம் 14 பேர். என்னிடம் 40 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வாக்கியத்துக்கும் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வர எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அன்று திருத்தாவிட்டால் அது என்றும் திருத்தப்படாது.

பட்டறைக்காரர்:
மூன்று வாரம் ஆயிற்று, சொல்ல வந்தேன். தினமும் ராத்திரி பட்டறையை மூடியதும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன். முதலில் ர், ல், ம் மூன்றையும் இழுத்துச் சொல்லும் பழக்கம். அப்புறம் டீச்சர் சொன்னபடி க வரிசையும் ப வரிசையும் பாட்டாக. ஆத்தூர் நாலாம் நாள் வந்தது. ஓமலூர் அதற்கு அடுத்த நாள். போன வாரம் பாட்டி வீட்டுக்குப் போனபோது பலகையை அவனே படித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

நேற்று அவனாகவே எழுதியது இது:

அப்பா பட்டரையில் கொலுசு செய்கிரார்.

'பட்டறை'க்கும் 'செய்கிறார்'க்கும் பெரிய ற என்று எனக்குத் தெரியும். திருத்தலாமா வேண்டாமா?

ஓய்வு டீச்சர்:
திருத்துங்கள் தம்பி. அடிக்க வேண்டாம், பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டுங்கள். பட்டறை வாசலில் பெயர்ப் பலகை இருந்தால் அங்கே கூட்டிப்போய் அந்த ற-வை விரலால் தடவச் சொல்லுங்கள்.

மலைவகுப்பு:
பலகை யோசனை நல்லது. ஆனால் இந்த வாரம் வேண்டாம் அண்ணா. முதலில் அந்தத் தாளைப் பட்டறையில் ஒட்டுங்கள்.

பட்டறைக்காரர்:
தாளை ஒட்டிவிட்டேன். பலகையைத் திங்கட்கிழமை காட்டுகிறேன்.