கடைப் பக்கம் காலியாக வருகிறது: சொந்தத் தளம் தேவையா, வாட்ஸ்அப் போதாதா?

வெண்ணாறு:
மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா விளைவிக்கிற மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் மூன்றையும் நேரடியாக விற்கலாம் என்று வேர்ட்பிரஸ்ஸில் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) வூகாமர்ஸ் (அதில் கடை நடத்த உதவும் இணைப்பு) போட்டு ஒரு தளம் அமைத்திருக்கிறேன். அமைத்துக் கொடுத்தவர் பணம் வாங்கியதோடு சரி, இப்போது போனை எடுப்பதில்லை. கடைப் பக்கத்தில் வயல் படம், நெல்லைப் பற்றி நாலு பத்தி என்று ஆசை ஆசையாக எழுதி வைத்தேன். ஒரு வரிகூடத் தெரியவில்லை. பதினொரு பொருள் ஏற்றினேன், அதையும் காணோம். பொருள் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வருகிறது. தை அறுவடைக்குள் திறந்தாக வேண்டும். எங்கே கோளாறு?

பட்டுநூல்:
தளம் அமைத்ததுதான் கோளாறு தம்பி. நாங்கள் திருபுவனத்தில் புடவை விற்கிறோம். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் (பொருள் பட்டியல்) இருக்கிறது, 500 பொருள் வரை ஏற்றலாம், காசு கிடையாது. உங்களிடம் இருப்பதோ பதினொன்று.

கடைமடை:
அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். வெண்ணாறு, தளத்தின் தோற்றத்துக்குப் போட்டிருப்பது பிளாக் தீமா (துண்டு துண்டாக அடுக்கிப் பக்கம் அமைக்கிற வகை)? அப்படியென்றால் கடைப் பக்கத்தை வரைவது நீங்கள் எழுதிய அந்தப் பேஜ் இல்லை. அது வெறும் முகவரிப் பலகை. உள்ளே தெரிவதை ‘புராடக்ட் கேட்லாக்’ என்ற டெம்ப்ளேட்தான் (பக்க வார்ப்பு) தீர்மானிக்கிறது. தோற்றம், எடிட்டர், டெம்ப்ளேட்கள் என்று போய் வயல் படத்தை அதில் வையுங்கள்.

பொருள் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. ஏதாவது ஒரு பொருளைத் திறந்து, ஸ்டாக் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வெண்ணாறு:
பிளாக் தீம்தான். ஸ்டாக்கைக் கணக்கு வைக்கச் சொல்லி டிக் போட்டிருக்கிறது, அளவு 0. நெல் இன்னும் வயலில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கடைமடை:
அதுதான். வூகாமர்ஸ் அமைப்புகளில் புராடக்ட்ஸ், இன்வென்டரி பக்கம் போனால், இருப்பு தீர்ந்ததைக் கடையில் மறைத்துவிடு என்று ஒரு டிக் இருக்கும். உங்களுக்குத் தளம் அமைத்தவர் அதையும் போட்டிருப்பார். பதினொன்றும் பூஜ்யம், பதினொன்றும் மறைவு. டிக்கை எடுங்கள். அறுவடைக்கு முன்பே முன்பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் ‘பேக்ஆர்டர்’ அனுமதியுங்கள்.

குத்துவிளக்கு:
பட்டுநூல் அண்ணே, எங்களுக்கு நாச்சியார்கோயிலில் விளக்குப் பட்டறை. தளம் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் இருப்பவர் நம்மூர் ராத்திரி இரண்டு மணிக்கு அன்ன விளக்கு கேட்டால் வாட்ஸ்அப்பில் யார் பதில் சொல்வது? உயரம், எடை, பிரபை வைத்ததா வைக்காததா, எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துப் பணம் கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார். விடிந்ததும் நான் பெட்டி கட்டுகிறேன்.

பட்டுநூல்:
விளக்குக்கு அது சரி. புடவையை யாரும் கார்ட்டில் போட்டு வாங்குவதில்லை. வீடியோ கால் போட்டு, முந்தியை வெயிலில் காட்டு, புடவை உடலின் நிறத்தை விளக்கில் காட்டு என்பார்கள். அதுவும் தவிர, நானும் தளம் வைத்துப் பார்த்தவன்தான். வேகம் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் ஏதோ பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டார். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா கார்ட்டைத் திறந்தால், அவர் தொடாத புடவை இரண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது! வேறு யாரோ போட்டது. அதோடு மூடிவிட்டேன்.

கடைமடை:
அது கேஷ். ஒருமுறை தயாரான பக்கத்தை நகல் எடுத்து வைத்து எல்லோருக்கும் அதையே காட்டுகிற ஏற்பாடு. பொருள் பக்கத்துக்கு நல்லது. கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுபவை. அவற்றை கேஷிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். ஐந்து நிமிட வேலை.

பட்டுநூல்:
ஐந்து நிமிடம் உங்களுக்கு. எனக்கு அது கேஷ் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நெசவுக் குடும்பம் கற்க வேண்டிய வேலையா இது?

வெண்ணாறு:
அரிசி வந்துவிட்டது! ஆனால் பொருளைத் தொட்டால் 404, பக்கமே இல்லை என்கிறது. அதோடு, எனக்குத் தெரிகிற கடை சென்னையில் இருக்கிற அக்காவுக்குத் தெரியவில்லை, ‘விரைவில்’ என்கிறது.

கடைமடை:
404-க்கு: வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ். எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும். அக்காவுக்கு: வூகாமர்ஸ் அமைப்பில் ‘சைட் விசிபிலிட்டி’யை ‘லைவ்’ ஆக்குங்கள். நிர்வாகியாக லாகின் செய்தவருக்குக் கடை எப்போதும் தெரியும், அதனால்தான் ஏமாந்தீர்கள். இனி லாகின் இல்லாத வேறு போனில் பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொருள் பக்கங்களின் இணைய முகவரிகளைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள். ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள்.

குத்துவிளக்கு:
ஏன் மாற்ற வேண்டும்? என்னுடையது எல்லாம் தமிழ்தான். பிரவுசரில் ‘குத்துவிளக்கு’ என்று அழகாக வருகிறது. தமிழ்ப் பொருளுக்குத் தமிழ் முகவரி.

கடைமடை:
உங்கள் பெயர் சின்னது, பிழைத்தீர்கள். தமிழ் முகவரி உள்ளே சதவீதக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. எழுத்து, அதன் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 9 இடம். வேர்ட்பிரஸ் தருவது மொத்தம் 200. ‘மாப்பிள்ளைச் சம்பா அரிசி’யை எண்ணிப் பாருங்கள்: 22. அதை 9-ஆல் பெருக்கினால் 198, சொற்களுக்கு நடுவில் இரண்டு கோடு. சரியாக 200, அதோடு இடம் முடிந்தது. வெண்ணாறு இதையே 1 கிலோ, 5 கிலோ, 10 கிலோ என்று மூன்று பொருளாக ஏற்றியிருக்கிறார். கிலோவுக்கு இடமே இல்லை. இரண்டாவது ‘அரிச-2’, மூன்றாவது ‘அரிச-3’ என்று நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

வெண்ணாறு:
பார்த்தேன். அரிச-2, அரிச-3. சிரிப்பு வந்துவிட்டது.

குத்துவிளக்கு:
எண்ணிப் பார்த்தேன், சரிதான். இருந்தாலும் நான் மாற்றப் போவதில்லை. பெயரைச் சுருக்கி வைத்தால் போயிற்று.

கடைமடை:
அது உங்கள் விருப்பம். வெண்ணாறு, மூன்று பொருளையும் ஒன்றாக்கி, எடையை வேரியேஷனாக (ஒரே பொருளுக்குள் தேர்ந்தெடுக்கும் வகை) வையுங்கள். ஒவ்வொரு எடைக்கும் விலை போட மறக்காதீர்கள். விலை இல்லாத வேரியேஷன் கடையில் வராது. ஸ்லக்கை (முகவரியில் பொருளின் பெயர் வரும் பகுதி) மாற்றினாலும் பழைய லிங்க் புதியதற்குத் தானாகப் போகும்.

குத்துவிளக்கு:
டெலிவரி விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன் தம்பி. கும்பகோணம் சுற்றுவட்டாரத்துக்கு நானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன், கட்டணம் கிடையாது. ஷிப்பிங் ஸோனில் (டெலிவரிக் கட்டணத்துக்காகப் பிரித்த பகுதி) 612*, அதாவது 612-இல் தொடங்கும் எல்லாம் என்று பின்கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்கு மேலே ‘இந்தியா’ என்று இன்னொரு ஸோன். கும்பகோணம் பெரிய தெருக்காரர் ஒருவர் நேரில் வந்து கேட்கிறார்: “ஏன்யா, பத்து கிலோமீட்டருக்கு 480 ரூபாய் கூரியரா?” வெட்கமாகப் போய்விட்டது.

கடைமடை:
ஸோன் பட்டியல் மேலிருந்து கீழே வாசிக்கப்படும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். தலைமடைக்காரன் தண்ணீர் முழுவதையும் திருப்பிக்கொண்டால் நமக்கு எப்படி வரும்? சின்ன ஸோன் மேலே, பெரியது கீழே.

பட்டுநூல்:
கேட்கக் கேட்க எனக்கு வாட்ஸ்அப் மீது பிரியம் கூடிக்கொண்டே போகிறது.

குத்துவிளக்கு:
அண்ணே, ஆடியில் ஒரே நாளில் நாற்பது பேர் கேட்டபோது எந்தப் புடவை யாருக்கு என்று நோட்டில் எழுதி, ஒரே புடவையை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டதாக நீங்களே போன மாசம் இங்கே எழுதினீர்கள். தளத்தில் ஸ்டாக் 1 என்று போட்டிருந்தால், முதல் ஆள் வாங்கியதும் மூடியிருக்கும்.

பட்டுநூல்:
எழுதினேன், இல்லையென்று சொல்லவில்லை. கைத்தறிப் புடவை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்துக்காக யோசிக்கலாம். கார்ட், செக்அவுட் வேண்டாம்; வெறும் காட்சிக்கு மட்டும் தளம் வைக்க முடியுமா?

கடைமடை:
முடியும். ‘வாங்கு’ பொத்தானை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் பொத்தான் வைக்கலாம். ஆனால் விற்றதும் இருப்பை நீங்களே கையால் குறைக்க வேண்டும். மறந்தால் பழைய கதைதான்.

வெண்ணாறு:
நேற்று முதல் ஆர்டர் வந்தது. கவுனி 2 கிலோ, திருவாரூரில் ஒரு அம்மா. தளத்தில் எல்லாம் பார்த்துவிட்டு, “புழுங்கலா பச்சையா, எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும்” என்று போன் செய்து கேட்டு, கடைசியில் வாட்ஸ்அப்பிலேயே விலாசம் அனுப்பி ஜிபேயில் பணம் போட்டுவிட்டார்.

பட்டுநூல்:
ஆக, ஆர்டர் வந்தது எதில்?

குத்துவிளக்கு:
கவுனி இருப்பது அவருக்கு எதில் தெரிந்தது?

கடைமடை:
இரண்டு பேரும் பேசிக்கொண்டிருங்கள். வெண்ணாறு, புழுங்கலா பச்சையா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை இன்றைக்கே பொருள் விவரத்தில் எழுதுங்கள். ஸ்டாக்கிலும் 2 கிலோவைக் குறைத்துவிடுங்கள்.