சிஆர்டி கருவி பொருத்தியபின் ஆயுள் கணிப்பு: 62 சதவீதம் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: வைகைக்கரையான்

என் தந்தைக்கு வயது 71. மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமடைந்து, எக்கோவில் இடது கீழறையின் வெளியேற்றுத் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 28 சதவீதமாக உள்ளது. ஈசிஜியில் இடது கற்றைக் கிளை அடைப்பும் (இடது கீழறைக்கு மின்தூண்டல் செல்லும் பாதையில் தடை), 156 மில்லிவினாடி கியூஆர்எஸ் அகலமும் (கீழறைகளில் மின்தூண்டல் பரவ எடுக்கும் நேரம்) தெரிகின்றன. மருந்துகளை முறையாக உட்கொண்டும் மாடிப்படி ஏற இயலவில்லை. எனவே இரு கீழறைகளையும் ஒருங்கே துடிக்கச் செய்யும் பேஸ்மேக்கர் வகையான சிஆர்டி கருவி பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். புடாபெஸ்டின் செம்மல்வைஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கணிப்பானில் விவரங்களை இட்டபோது, ஐந்தாண்டு உயிருடன் இருக்கும் வாய்ப்பு 62 சதவீதம் என்று வந்தது. இவ்வளவுதான் பலன் என்றால் இந்த வயதில் அவரை ஏன் வருத்த வேண்டும் என்று அம்மா தயங்குகிறார். அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: இதயநோய் மருத்துவர்

ஐயா, அந்த 62 சதவீதம் கருவியின் பலனைக் குறிப்பதன்று. அக்கணிப்பான் 1510 நோயாளிகளின் தரவைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவர்கள் அனைவருமே சிஆர்டி பொருத்திக்கொண்டவர்கள். கருவி இல்லாமல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதை அத்தரவிலிருந்து அறிய வழியில்லை. உங்கள் தாயாரின் கேள்விக்கு, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வுகளில்தான் விடை தேட வேண்டும். 2005இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேர் சராசரியாக 29 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதத்தினரும், மருந்துடன் சிஆர்டியும் பெற்றவர்களில் 20 சதவீதத்தினரும் இறந்தனர். இடது கற்றைக் கிளை அடைப்பும் 150 மில்லிவினாடியைத் தாண்டிய கியூஆர்எஸ்ஸும் உள்ளவர்களே மிகுதியாகப் பயனடைகிறார்கள். உங்கள் தந்தை அவ்வகையினர். 130 மில்லிவினாடிக்குக் குறைவானவர்களிடம் நிலைமை தலைகீழ்: 2013இல் எக்கோ-சிஆர்டி ஆய்வில் கருவியை இயக்கிய குழுவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது.

முதுமை, சிறுநீரகக் குறைபாடு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) ஆகியவை கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயுளைக் குறைப்பவை. ஆகவே கணிப்பு எண் தாழ்ந்திருப்பதை வைத்து, கருவி பயன் தராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பதில்: புள்ளியியல் ஆசிரியர்

மருத்துவர் கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஐந்தாண்டுக் கணிப்பில், இறப்பவரையும் பிழைப்பவரையும் பிரித்தறியும் இதன் திறன் ஏறத்தாழ 0.80 எனப் பதிவாகியுள்ளது. ஐந்தாண்டுக்குள் இறந்த ஒருவரையும் பிழைத்திருக்கும் ஒருவரையும் இணைத்துக் காட்டினால், நூறு இணைகளில் சுமார் எண்பதில் இறந்தவருக்கே கூடுதல் அபாயம் உண்டென அது சொல்லியிருக்கும் என்பதே இதன் பொருள். நாணயம் சுண்டினாலே ஐம்பது கிடைத்துவிடும். மேலும், வரிசைப்படுத்துவதில் தேர்ந்த ஒரு கணிப்பான் சதவீதத்தைச் சரியாகச் சொல்லும் என்பதற்கு உறுதியில்லை. இது 2020இல் வெளியானது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து இதயச் செயலிழப்பில் இறப்பைக் குறைப்பதை டாபா-எச்எஃப் ஆய்வு காட்டியதே 2019இல்தான். புதிய மருந்துகளைப் பெறும் இன்றைய நோயாளிக்குப் பழைய தரவு சற்று மிகையான அபாயத்தைக் காட்டக்கூடும்.

வைகைக்கரையான்

இருவருக்கும் நன்றி. ஹோல்ட்டர் பரிசோதனையில் (உடலில் அணிந்தபடியே தொடர்ந்து எடுக்கும் ஈசிஜி) அப்பாவுக்கு அவ்வப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவது பதிவாகியிருக்கிறது. இது கணிப்பை மாற்றுமா?

பதில்: இதயநோய் மருத்துவர்

மாற்றும், அதைவிட முக்கியமாக, கருவி செய்யும் வேலையையே அது கெடுக்கும். இரு கீழறைகளையும் ஒரே நேரத்தில் சுருங்கச் செய்வதே சிஆர்டியின் பணி. மேலறையிலிருந்து தாறுமாறான வேகத்தில் துடிப்புகள் இறங்கிவந்தால் கருவி முந்திக்கொள்ள முடியாது. துடிப்புகளில் 98 சதவீதத்துக்கும் மேல் கருவியால் தூண்டப்பட்டவர்களிடமே இறப்பு மிகக் குறைவாக இருந்ததை 2011இல் வெளியான, 36,000க்கும் மேற்பட்டோரின் தரவு காட்டியது. மருந்தால் வேகம் அடங்காவிட்டால் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் ஏவி முடிச்சைச் சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சை உண்டு. அதன்பின் நோயாளி முழுக்கவும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பார் என்பதால் அவசரப்பட வேண்டாம். கருவி பொருத்தியபின் முதல் பரிசோதனையிலேயே இந்தத் தூண்டல் சதவீதத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாத எக்கோவில், இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் கொள்ளளவு 15 சதவீதமாவது குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று கணிப்பான் தரும் எண்ணைவிட அந்த இரண்டும் அவருடைய எதிர்காலத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.