புதுப்பிப்பு: கர்ப்பகால சயாட்டிக்கா வலி, பிரசவத்திற்குப் பின்

ஏழாம் மாதத்தில் இடது பிட்டத்தில் தொடங்கிக் கணுக்கால்வரை சுரீரென்று இழுத்த சயாட்டிக்கா வலிக்கு (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் வலி) என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்; பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அதிகம் பலன் தந்தது, ஒருக்களித்துப் படுத்து, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தாங்கும்படி நீளமான தலையணையைக் கால்களுக்கிடையே வைக்கச் சொன்ன யோசனைதான். முழங்கால் மட்டும் தாங்கப்பட்டுப் பாதம் தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொண்டு வலி திரும்பியது. புரளும்போது இரு முழங்கால்களையும் சேர்த்தே திருப்ப வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். இடுப்பு பெல்ட் நடக்கும்போது மட்டும் உதவியது. அதை வயிற்றின் மேல் அல்லாமல், இடுப்பெலும்பைச் சுற்றித் தாழ்வாகக் கட்ட வேண்டும். மாத்திரையைப் பொறுத்தவரை, மருத்துவர் பாராசிட்டமால் மட்டுமே அனுமதித்தார். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை, கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

எதிர்பாராதது, பிரசவத்தோடு ஓய்ந்த வலி, குனிந்து பாலூட்டியதாலும் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கியதாலும் மீண்டும் வந்ததுதான். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்பு உயரத்திற்குக் கொண்டுவந்ததும், பிசியோதெரபிஸ்ட் தந்த பயிற்சிகளைத் தொடர்ந்ததும் படிப்படியாகக் குறைத்தன; இப்போது நெடுநேரம் உட்கார்ந்தால் மட்டுமே லேசாக இழுக்கிறது.

இதைத் தேடி வருவோர் கவனிக்க: தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, கால் வலுவிழந்தாலோ, காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.