ஜினியோலோஜி: பெண்ணியலா, பெண்வழியறிவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குர்திய விடுதலை இயக்கத்தில் பிறந்த பெண் விடுதலைச் சிந்தனை ஜினியோலோஜி. அந்தச் சொல்லைத் தமிழாக்கப் 'பெண்ணியல்' போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். குர்திய மொழியில் 'ஜின்' என்றால் பெண். 'லோஜி' நமக்கு இயல். கணக்கு சரிதான். ஆனால் மண்ணியல் மண்ணைப் பற்றிய படிப்பு, விலங்கியல் விலங்கைப் பற்றியது. அந்த வரிசையில் சேர்த்தால் பெண் ஆய்வுப் பொருளாகிவிடுகிறாள். அப்புறம், மகளிரியல் என்ற துறை ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பார்கள்.

சொல் பிறந்த இடத்தைப் பாருங்கள். துருக்கியில் குர்திய மக்களுக்காகப் போராடிய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி 1978இல் மார்க்சிய-லெனினியக் கட்சியாகத் தொடங்கியது. தனிச்சொத்து வந்தது, தாய்வழியில் வாரிசு எண்ணும் தாயுரிமை சாய்ந்தது, பெண் தோற்றாள் என்று மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸ் 1884இல் எழுதியிருந்தார். அந்தக் கட்சியைத் தொடங்கிய தலைவர் அப்துல்லா ஓஜலான் 1999இல் பிடிபட்டு, இம்ராலி தீவுச் சிறையில் எழுதியவற்றில் அந்தக் கதையின் சாயல் அப்படியே இருக்கிறது, வரிசைதான் மாறியிருக்கிறது. முதலில் அடிமையானவள் பெண், மற்ற அடிமைத்தனங்கள் அந்த அச்சில் வார்த்தவை என்கிறார். வர்க்கப் போராட்டம் வென்றால் பெண் விடுதலை பின்னாலேயே வந்துவிடும் என்ற பழைய வாக்கு இங்கே செல்லாது.

அறிவும் பெண்ணிடமிருந்து பறிபோனது என்பதுதான் ஜினியோலோஜியின் தொடக்கம். அதனால் அது வரலாற்றையும் மருத்துவத்தையும் பொருளாதாரத்தையும் பெண்ணின் பக்கமிருந்து திரும்பப் பார்க்கச் சொல்கிறது. பொருளாதாரமே பெண் நடத்திய வீட்டில் தொடங்கியது என்பது ஓஜலானின் வாதம். இதைப் 'பெண்ணியல்' தாங்காது.

என் பரிந்துரை 'பெண்வழியறிவு'. தாய்வழிச் சமூகம் என்பதில் வரும் 'வழி' மரபையும் காட்டும், வாய்வழிக் கதை போல ஊடகத்தையும் காட்டும். பெண்ணை உயிரோடும் தாய்மையோடும் அளவுக்கு மீறிப் பிணைக்கிறது என்று இந்தச் சிந்தனையைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தச் சாயலும் சொல்லில் வரத்தான் செய்யும், மறைக்க வேண்டியதில்லை. 'பெண்வழியறிவாளர்' வாயில் நுழையவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. இந்தக் குர்திய இயக்கத்தில் பொறுப்புகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சம அதிகாரத்தோடு சேர்ந்து தலைமை வகிக்கிறார்கள். அதை 'இணைத்தலைவர்' என்று எழுதுகிறோம். நம் ஊரில் இணைப் பேராசிரியர் பேராசிரியருக்குக் கீழே, இணைச் செயலாளர் செயலாளருக்குக் கீழே. பெண்ணுக்குப் பாதி நாற்காலிதான் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'இருவர் தலைமை' என்றே எழுதலாமா? ஒருவரை மட்டும் சுட்டும்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.