தேங்காய்ப் புண்ணாக்கு போட்டும் மீன்குஞ்சு ஏன் தேறவில்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன்குஞ்சு விட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் தேங்காய்ப் புண்ணாக்கு மலிவு, அதனால் அதையும் அரிசித் தவிட்டையும் சரிபாதி கலந்து காலையில் ஒரு வேளை தூவுகிறேன். சிலது விரல் நீளம் வந்துவிட்டது, மற்றதெல்லாம் இன்னும் தீக்குச்சிதான். தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. நோயா, தீவனமா?

பொள்ளாச்சி குளத்துக்காரர்:
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் சுமார் 20 சதவீதம், தவிட்டில் 12 பக்கம், கலந்தால் 16தான் தேறும். குஞ்சுப் பருவத்துக்கு 30க்கு மேல் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் நாரும் அதிகம், லைசின் என்ற புரதக்கூறும் குறைவு, வயிறு நிறையும், சதை பிடிக்காது. பத்துப் பங்கில் நாலு கடலைப் புண்ணாக்கு, நாலு தவிடு, இரண்டு உப்பில்லாத கருவாட்டுத் தூள் என்று கலந்தால் 30ஐத் தாண்டும். அதையும் சலித்துத் தூளாக்கிப் போடுங்க, வாய்க்குள் போகாத துண்டு அடியில் அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். மொத்த அளவைக் கூட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்க. ஒரே வேளை போட்டால் பெரியது முண்டியடித்துத் தின்றுவிடும், சின்னது சின்னதாகவே நிற்கும். வலை போட்டுப் பெரியதைத் தனியாகப் பிரிப்பதும் நல்லது.

வாளையார் அக்கா:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் எல்லாப் பழியையும் தீவன மூட்டை மேல் போடாதீங்க. கட்லாவுக்கு இயல்பிலேயே தலை பெரியதுதான், ரோகுவின் முதுகைப் பாருங்க, அது ஒல்லியாக இருந்தால்தான் பட்டினி. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்று வளர்வது. தண்ணீர் தெளிந்து கிடந்தால் என்ன தீவனம் போட்டும் அது சரியாக வராது. கையை முழங்கை வரை விட்டுப் பாருங்க, உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரில் பசுமையும் அந்த நுண்ணுயிரும் போதாது, சாணத்தைக் கரைத்து அளவாக ஊற்றணும். அப்புறம், நம்ம பக்கத்து ஜூன் மழைக்குக் கடலைப் புண்ணாக்கு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அதில் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். கட்டை மேல் அடுக்கி வைங்க, நாற்றம் வந்தால் தூர எறிங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
உள்ளங்கை நன்றாகவே தெரிகிறது அக்கா. கருவாட்டுத் தூள் விலை கட்டாது, அதற்குப் பதில் பச்சை சோயாவை அரைத்துப் போடலாமா?

பொள்ளாச்சி குளத்துக்காரர்:
பச்சையாகப் போடாதீங்க, அதில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கு. வறுத்தோ வேகவைத்தோ அரைங்க, இல்லையென்றால் கோழித்தீவனக் கடையில் சோயாப் புண்ணாக்கு கேளுங்க. அதோடு கொஞ்சமாவது கருவாடு சேருங்க, சோயாவில் மெத்தியோனின் என்ற புரதக்கூறு குறைவு.

வாளையார் அக்கா:
முதலில் சாணம் ஊற்றுங்க தம்பி, சோயாவை அப்புறம் பார்க்கலாம்.